மூன்றே கால்

இரவு மூன்றே காலுக்கு
விர்ட்சு துறைமுகத்தில் யாரும் விழித்திருப்பதில்லை,
நான் எழுதிய ஸ்கிரிப்ட்டைத் தவிர.

நாற்பத்திரண்டு வரி.
நேற்று விற்ற படகுச்சீட்டுகளை எண்ணும்.
காலாவதியானதைக் கட்டிக் கிடங்கில் போடும்.
குலைந்த இன்டெக்ஸை நிமிர்த்தும்.
மொத்தத்தையும் எதிர்க்கரையில், முஹு தீவில்,
இன்னொரு சர்வருக்குப் படியெடுக்கும்.
பிறகு எனக்கொரு மின்னஞ்சல்:
"முடிந்தது. பிழை 0. சீட்டு 1,846."

முதல் மாதம் அதைப்
பச்சைக் குழந்தையின் மூச்சைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
தலையணைக்கடியில் போன் ஒருமுறை அதிரும்.
கௌப்போ புரண்டு படுப்பான்.
"யாரு?"
"துறைமுகம்."
"என்னவாம்?"
"பிழை பூஜ்யமாம்."
அந்தக் குளிர்காலத்தில்
நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி இதுதான்.

பிறகு சலித்தது.
இங்கு யாவரும் நலம் என்று
தினமும் ஒருவன் எழுதினால்
எத்தனை கடிதத்தைத்தான் பிரிப்பது?
ரைவோ சொன்னான்:
"ஊர்வே, கெட்டுப்போனால் மட்டும் எழுதச் சொல்லேன்."
ஒரு நிபந்தனை சேர்த்தேன், நாற்பத்து மூன்றாம் வரி.
பிழை இருந்தால் எழுது.
இல்லையென்றால் வாயை மூடு.

நல்ல பிள்ளை, மூடிக்கொண்டது.
மௌனம் சம்மதம் என்று நானும் தூங்கினேன்.

மார்ச் கடைசி ஞாயிறு.
நாடே கடிகாரத்தை முன்னே தள்ளும் இரவு.
இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு அடுத்து நான்கு.
மூன்றே கால் என்ற ஒன்று
எஸ்தோனியாவில் அன்று பிறக்கவேயில்லை.
ஸ்கிரிப்ட் தன் நேரத்துக்காகக் காத்திருந்தது.
நேரம் வராததால் அது ஓடவில்லை,
ஓடாததால் தவறவில்லை,
தவறாததால் எழுதவில்லை.

அன்று பிற்பகலே
சர்வரின் வட்டு கரகரவென்று இரண்டு தரம் இருமி
நின்றது.

தீவிலிருந்து எடுத்து விரித்தபோது
சனி விடிகாலையோடு உலகம் முடிந்திருந்தது.
சனிக்கிழமை முழுவதும் விற்ற சீட்டு,
ஞாயிறு காலையில் விற்றது,
ஒன்றுமில்லை.
வெளியே மழையில் கார்கள்.

வாயிலில் ஹெல்லே
ஒரு பென்சிலும் மளிகைக் கணக்கு நோட்டும் எடுத்தாள்.
"சீட்டு வாங்கினீர்களா?"
"வாங்கினேன்."
"பேர் சொல்லுங்கள். போங்கள்."
முட்டை ஏற்றிய வேன்,
செல்லோவை மடியில் வைத்திருந்த பெண்,
கால்பந்து ஆடித் தோற்ற பதினோரு பையன்கள்.
வாங்கினேன். போங்கள். வாங்கினேன். போங்கள்.
நான் பக்கத்தில் குடை பிடித்து நின்றேன்.
ஆறு வருடமாக நான் கட்டிய தரவுத்தளம்
அன்று அவள் கையெழுத்தில் ஒன்பது பக்கம்.

வங்கிக் கணக்கோடு பிறகு ஒத்துப் பார்த்தோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில்
பொய் சொன்னவர் இரண்டே பேர்.
அதில் ஒருவர் மே மாதம் பணம் அனுப்பினார்,
குறிப்பில் ஒரு வரி:
"நாய்க்கும் சேர்த்து."

இப்போது ஸ்கிரிப்ட்
நாட்டின் கடிகாரத்தைக் கேட்பதில்லை,
கோடையும் குளிரும் அசைக்காத ஒரு நேரத்தில் ஓடுகிறது.
தினமும் எழுதச் சொல்லியிருக்கிறேன், சலித்தாலும்.
எதிர்க்கரையில் இன்னொன்று:
ஐந்து வரிதான், வேறு வேலையில்லை.
இக்கரையிலிருந்து கடிதம் வந்ததா என்று பார்க்கும்.
வரவில்லையென்றால்
அது எழுதும்.

அதுவும் செத்தால்? என்று ரைவோ கேட்டான்.
நான் காப்பி ஊற்றப் போய்விட்டேன்.

அக்டோபரில் ஓர் இரவு மூன்றே கால்
இரண்டு முறை வரும்.
எனக்குக் கவலையில்லை, எல்லாம் சோதித்தாயிற்று.
இருந்தாலும் விழித்துக் கிடந்தேன்.
போன் ஒருமுறைதான் அதிர்ந்தது.
"யாரு?" என்றான் கௌப்போ.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
இருட்டில், தூக்கம் கலைந்த குரலில்:
"இன்னொரு மணி நேரம் கூடுதலா இருக்குல்ல இன்னைக்கு.
வேற ஏதாவது பேசேன்."